சட்டுன்னு எழுந்தா கண்ணு இருட்டி உடனே சரியாகுதே, அதை சரி பண்றது யாரு?

கேட்டது ரெண்டு கேள்வி. ஒண்ணு, கட்டில்ல இருந்து சட்டுன்னு எழுந்து நின்னா சில சமயம் கண்ணு லேசா இருட்டிக்கிட்டு வந்து, சில செகண்ட்ல தானாவே சரியாயிடுதே, அது எப்படி. ரெண்டாவது, உடம்பே பிபியை இப்படி பாத்துக்கும்னா ஏன் இத்தனை பேருக்கு ஹை பிபி வருது, ஏன் காலம் பூரா மாத்திரை போடணும். ரெண்டாவது ரொம்ப நல்ல கேள்வி. எம்பிபிஎஸ் முதல் வருஷ பசங்களுக்கு இந்த பாடம் எடுக்கும்போது யாராவது இதை கேக்க மாட்டாங்களான்னு நான் எதிர்பாத்துக்கிட்டே இருப்பேன், பல பேட்ச்ல யாருமே கேக்கிறதில்ல. ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்துலதான் இருக்கு, அதனால நிதானமா சொல்றேன்.

முதல்ல எழுந்து நிக்கும்போது என்ன ஆகுதுன்னு பாப்போம். படுத்திருக்கும்போது தலை, நெஞ்சு, கால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல இருக்கு, ரத்தம் இதயத்துக்கு திரும்பி வர்றதுல பெரிய சிரமம் இல்ல. எழுந்து நின்னதும் புவியீர்ப்பு வேலையை காட்டிடும், அரை லிட்டர்ல இருந்து முக்கால் லிட்டர் வரைக்கும் ரத்தம் நெஞ்சுப் பகுதியில இருந்து இறங்கி கால், தொடை, அடிவயிறு இந்த இடங்கள்ல இருக்கிற வெயின்கள்ல, அதாவது ரத்தத்தை இதயத்துக்கு திருப்பிக் கொண்டு வர்ற குழாய்கள்ல, தேங்கிடும், ஏன்னா வெயினோட சுவர் மெலிசு, ரத்தம் வர வர விரிஞ்சு கொடுத்துக்கிட்டே போகும். உடம்புல மொத்தமே அஞ்சு லிட்டர் சொச்சம்தான் ரத்தம், அதுல இவ்வளவு கீழ போயிட்டா சும்மா இல்ல. இதயத்தால தனக்கு வந்து சேர்றதை மட்டும்தான் வெளிய தள்ள முடியும், வரவு குறைஞ்சா ஒவ்வொரு துடிப்புலயும் வெளிய போறதும் குறையும், பிபி இறங்கும். நல்லா இருக்கிற ஆளுக்கே வேகமா எழுந்தா முதல் பத்து செகண்ட் வாக்குல மேல் பிபி 20 பாயிண்ட், சில பேருக்கு அதுக்கும் மேல இறங்கி, அரை நிமிஷத்துக்குள்ள பழைய இடத்துக்கு வந்துடும்.

இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. கையில பட்டையை கட்டி பாக்கிற பிபி இதயத்தோட மட்டத்துல இருக்கிற பிபி. நிக்கும்போது மூளை அதுக்கு ஒரு அடி மேல இருக்கு, ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் முக்கால் பாயிண்ட் கணக்குல குறைஞ்சுக்கிட்டே போகும், அப்போ மூளைக்கு போய் சேர்றது கையில காட்டுறதை விட 20 பாயிண்டுக்கு மேல கம்மி. மூளைகிட்ட ஆக்சிஜன் சேமிப்பே கிடையாது, ரத்தம் முழுசா நின்னா ஆறேழு செகண்ட்ல நினைவு தப்பிடும். அதனாலதான் உடம்பு இந்த விஷயத்துல யோசிச்சு முடிவெடுக்கிற வழியையே வெச்சுக்கல.

அப்புறம் ஏன் முதல்ல கண்ணு? கண்ணுக்குள்ள ஏற்கனவே 15 பாயிண்ட் அளவுக்கு ஒரு பிரஷர் இருக்கு, விழித்திரைக்கு போற ரத்தம் அதையும் மீறித்தான் உள்ள நுழையணும், அதனால பிபி இறங்கும்போது மூளைக்கு முன்னாடியே விழித்திரைக்கு சப்ளை விட்டுப்போகுது. போர் விமானம் ஓட்டுற பைலட்டுங்க வேகமா வளைஞ்சு திரும்பும்போது ரத்தம் காலுக்கு இறங்கி, முதல்ல நிறம் மங்கும், அப்புறம் பார்வை முழுசா இருட்டாகும், ஆனா அந்த நேரத்துல நினைவு இருக்கும், காது கேக்கும், அதுக்கும் அப்புறம்தான் மயக்கம். கட்டில்ல இருந்து எழும்போது உங்களுக்கு வர்றது அதோட ரொம்ப லேசான வடிவம்.

இப்போ இதை கண்டுபிடிக்கிறது யாருன்னு பாப்போம். தாடை எலும்போட கோணத்துக்கு கீழ, குரல்வளை மேட்டுக்கு பக்கவாட்டுல விரலை லேசா வெச்சா துடிக்குமே, அது கரோட்டிட் ரத்தக்குழாய். குரல்வளை மேட்டோட மேல் விளிம்பு மட்டத்துல அது ரெண்டா பிரியும், ஒண்ணு மூளைக்கு, இன்னொண்ணு முகத்துக்கு. பிரியுற இடத்துல குழாய் கொஞ்சம் புடைச்ச மாதிரி இருக்கும், அதுதான் கரோட்டிட் சைனஸ். அங்க சுவர்ல தசை கம்மி, எலாஸ்டிக் நார் ஜாஸ்தி, அதனால ஒவ்வொரு துடிப்புக்கும் நல்லா விரிஞ்சு சுருங்கும், அந்த சுவருக்குள்ளயே நரம்போட நுனிகள் கிளை கிளையா பரவி கிடக்கு. இதே மாதிரி இன்னொரு செட் இதயத்துல இருந்து கிளம்புற மகாதமனியோட வளைவுல இருக்கு. இதுங்களுக்கு பேரு பேரோ ரிசப்டர். மூளைக்கு போற பைப்போட வாசல்ல ஒண்ணு, உடம்பு முழுக்க போற பைப்போட ஆரம்பத்துல ஒண்ணு, ரெண்டுமே சரியான இடம்.

கவனிக்க வேண்டியது என்னன்னா இந்த நரம்பு நுனிகள் பிரஷரை நேரடியா அளக்கிறதில்ல, சுவர் எவ்வளவு இழுபடுதுங்கிறதைத்தான் உணருது. இழுபட்டா திறக்கிற பீசோ 1, பீசோ 2ங்கிற புரதக் கதவுகள் இந்த வேலையை செய்யுதுன்னு 2018ல எலிகள்ல காட்டினாங்க, அந்த பீசோ புரதங்களை முதல்ல கண்டுபிடிச்ச ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021ல நோபல் கிடைச்சது. சுவர் இழுபடுறதுதான் கணக்குங்கிறதை மறந்துடாதீங்க, வயசானவங்களுக்கு ஏன் இது மந்தமாகுதுன்னு பின்னாடி பாக்கும்போது இது வேணும்.

கரோட்டிட் சைனஸ்ல இருந்து செய்தி ஒன்பதாவது மூளை நரம்பு வழியா போகும், மகாதமனியில இருந்து போறது பத்தாவது நரம்பான வேகஸ் வழியா. ரெண்டும் போய் சேர்றது மூளையோட அடிப்பகுதியான முகுளத்துல ஒரே இடத்துக்கு. பிபி சுமார் 60க்கு கீழ இருந்தா கரோட்டிட் சைனஸ் நரம்பு அமைதியா கிடக்கும், ஏற ஏற சிக்னல் ஜாஸ்தியாகும், 180 வாக்குல அதோட உச்சத்தை தொட்டுடும். நம்ம நார்மல் பிபி இருக்கிற இடத்துலதான் அது ரொம்ப கூர்மை, கொஞ்சம் மாறினாலும் சிக்னல்ல நல்லா வித்தியாசம் தெரியும். அதுலயும் ஒரே அளவுல நிக்கிற பிரஷரை விட ஏறிக்கிட்டோ இறங்கிக்கிட்டோ இருக்கிற பிரஷருக்கு பல மடங்கு உஷாரா பதில் சொல்லும். உங்க ரெண்டாவது கேள்விக்கான பதிலோட விதை இங்கதான் இருக்கு.

சரி, நீங்க எழுந்து நின்னீங்க, பிபி இறங்குது, சுவர் இழுபடுறது குறையுது, முகுளத்துக்கு போற சிக்னல் குறையுது. அந்த சிக்னல் எப்பவும் ரெண்டு வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்: வேகஸ் நரம்பை தூண்டி இதயத்தை மெதுவாக்கும், கூடவே ரத்தக்குழாயை இறுக்குற சிம்பதெடிக் நரம்புகளை அடக்கி வைக்கும். சிக்னல் குறைஞ்சா ரெண்டும் தலைகீழாகும். இதயத்தோட சொந்த வேகம், அதாவது எந்த நரம்பும் இல்லாம விட்டா, நிமிஷத்துக்கு 100 வாக்குல ஓடும். நம்ம பல்ஸ் 70ல இருக்குன்னா வேகஸ் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். எழுந்து நின்னதும் முதல்ல நடக்கிறது அந்த பிரேக்ல இருந்து காலை எடுக்கிறது, அதுக்கு ஒரு செகண்ட் கூட ஆகாது, அடுத்த துடிப்புலயே தெரியும்.

சிம்பதெடிக் கொஞ்சம் லேட்டா வரும். முகுளத்துல இருந்து முதுகுத்தண்டு வழியா இறங்கி, நடுவுல ஒரு ஸ்டாப் மாறி, ரத்தக்குழாய் சுவர்ல இருக்கிற தசை வரைக்கும் போய், அங்க நார்அட்ரினலின்ங்கிற ரசாயனம் வெளிப்பட்டு, தசை சுருங்கி பலன் தெரியறதுக்கு அஞ்சு, பத்து செகண்ட் ஆயிடும். ஆனா நிஜமா பிபியை தூக்கி நிறுத்துறது இதுதான். கை கால், வயிறு, குடல் இங்கெல்லாம் சின்ன தமனிகள் இறுகும், வெயின்களும் இறுகி தேங்கின ரத்தத்தை மேல தள்ளும், இதயம் ஒவ்வொரு துடிப்பையும் பலமா அடிக்கும். மூளைக்கும் இதயத்துக்கும் போற குழாய்களை மட்டும் இது அந்த அளவுக்கு இறுக்காது. பல்ஸ் ஏறுறது அந்த பத்து செகண்டை சமாளிக்க, குழாய் இறுகுறது அதுக்கப்புறம் நின்னுக்கிட்டே இருக்க. உங்க கண்ணு இருட்டுற நேரம் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான்.

நல்லா ஆரோக்கியமா இருக்கிறவங்க இதை விரல்லயே உணரலாம். அஞ்சு நிமிஷம் படுத்திருந்து, மணிக்கட்டுல கட்டை விரல் பக்கமா மூணு விரல் வெச்சு பல்ஸை பிடிச்சுக்கிட்டு, விரலை எடுக்காம எழுந்து நில்லுங்க. உடனே துடிப்பு விறுவிறுன்னு வேகமெடுக்கும், 15வது துடிப்பு வாக்குல உச்சத்துக்கு போகும், அப்புறம் 30வது துடிப்பு வாக்குல கொஞ்சம் நிதானத்துக்கு வரும். அந்த நிதானம் வர்றதுக்கு காரணம், குழாய் இறுகி பிபி மேல வந்து, கழுத்துல இருக்கிற சுவர் மறுபடி இழுபட்டு, பிரேக் திரும்ப விழுறதுதான், அதாவது முழு சுத்தும் உங்க விரலுக்கு கீழ நடந்து முடிஞ்சிருக்கு. சுகர் நோயாளிகளோட நரம்பு எப்படி இருக்குன்னு பாக்க ஈசிஜியில இதையேதான் அளக்கிறோம், 30வது துடிப்போட இடைவெளியை 15வதோட இடைவெளியால வகுத்தா 1.04 அல்லது அதுக்கு மேல வரணும், 1.00 இல்ல அதுக்கும் கீழ வந்தா அந்த நரம்பு அடி வாங்கியிருக்குன்னு எடுத்துக்குவோம். எடின்பரோவுல யூயிங்கும் அவர் கூட இருந்தவங்களும் 1970கள்ல, 80கள்ல ஒழுங்குபடுத்தின டெஸ்ட் செட்ல இது ஒண்ணு, இன்னிக்கும் மெடிக்கல் காலேஜ் பிராக்டிக்கல்ல பண்றோம்.

இது எப்படி தெரிய வந்ததுங்கிறதும் சுவாரசியமான விஷயம். 1866ல சியோன், லுட்விக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் முயலோட கழுத்துல ஒரு மெல்லிசான நரம்பை வெட்டி, மூளைப் பக்கம் இருக்கிற முனையை கரண்ட் கொடுத்து தூண்டினா பிபி இறங்குதுன்னு பாத்தாங்க, அது மகாதமனியில இருந்து வர்ற நரம்பு. கழுத்தை அமுக்குனா பல்ஸ் குறையுதுங்கிறது அதே காலத்துலயே தெரியும், ஆனா வேகஸ் நரம்பு நேரா நசுங்குறதாலதான் அப்படின்னு ரொம்ப வருஷம் நம்பிக்கிட்டு இருந்தாங்க. 1920கள்லதான் ஹெரிங், அமுக்கப்படுறது வேகஸ் இல்ல, கரோட்டிட் சைனஸ்தான்னு நிரூபிச்சார். பெல்ஜியத்துல கெண்ட் நகரத்துல இருந்த கார்னீல் ஹேமான்ஸ் இதே இடங்கள் மூச்சையும் கட்டுப்படுத்துதுன்னு காட்டினதுக்கு 1938ஆம் வருஷத்து நோபல் பரிசு.

இப்போ ரெண்டாவது கேள்வி. இவ்வளவு உஷாரா ஒரு சிஸ்டம் இருக்கும்போது ஹை பிபி எப்படி வருது?

இதுக்கு எனக்கு ரொம்ப பிடிச்ச பரிசோதனை 1973ல அமெரிக்காவுல மிசிசிப்பியில உடலியல் ஆராய்ச்சியாளர் கைட்டனோட குழுவுல கௌலிங்கிறவர் பண்ணது. நாய்கள்ல இந்த பேரோ ரிசப்டர் நரம்புகளை முழுசா துண்டிச்சுட்டு, நாள் முழுக்க நிமிஷத்துக்கு நிமிஷம் பிபியை பதிவு பண்ணாங்க. அதுவரைக்கும் பல பேர் நினைச்சது, இந்த நரம்பு போனா பிபி எகிறி அப்படியே உச்சத்துல நிக்கும்னு. நடந்தது வேற. சாதாரண நாய்க்கு சராசரி பிபி பெரும்பாலான நேரம் 85க்கும் 115க்கும் நடுவுல இருந்தது. நரம்பு துண்டிச்ச நாய்க்கு எழுந்தா, படுத்தா, சாப்பிட்டா, ஒரு சத்தம் கேட்டாக் கூட 50க்கு இறங்குறதும் 160க்கு மேல ஏறுறதுமா தாறுமாறா ஆடுச்சு, ஆனா 24 மணி நேரத்தோட சராசரியை எடுத்து பாத்தா கிட்டத்தட்ட சாதாரண நாயோட சராசரிதான். அதாவது இந்த நரம்புகள் பிபி எந்த அளவுல இருக்கணும்னு முடிவு பண்றதில்ல, இருக்கிற அளவுல இருந்து சட்டுன்னு ஆடாம பாத்துக்குது, அவ்வளவுதான்.

மனுஷங்கள்லயும் இதை பாக்கிறோம். கழுத்துல கேன்சருக்கு ரேடியேஷன் எடுத்தவங்க, கரோட்டிட் பக்கத்துல ரெண்டு பக்கமும் ஆபரேஷன் ஆனவங்க, இவங்கள்ல சில பேருக்கு இந்த நரம்புகள் போயிடும். கொஞ்சம் டென்ஷன் ஆனாலே பிபி 200ஐ தாண்டும், நிம்மதியா தூங்கும்போது ரொம்ப கீழ போயிடும். ஒரு வாட்டி பாத்த ரீடிங்கை வெச்சு மாத்திரை கொடுத்தா அவங்களுக்கு ஒத்து வராது.

அப்போ அளவை முடிவு பண்றது யாரு? முக்கியமா கிட்னி. உப்பையும் தண்ணியையும் எவ்வளவு வெளியேத்துறது, எவ்வளவு வெச்சுக்கிறதுங்கிறது மூலமா ரத்தத்தோட மொத்த அளவை அதுதான் தீர்மானிக்குது, கூடவே ரெனின், ஆஞ்சியோடென்சின்னு ஹார்மோன் கூட்டம் ஒண்ணு இருக்கு. இது நிமிஷத்துல ஆரம்பிச்சு நாள் கணக்குல, வார கணக்குல நடக்கிற வேலை. இந்த மாதிரி மெதுவா, மாசக்கணக்குல பிபி ஏறும்போது கழுத்துல இருக்கிற பேரோ ரிசப்டர் என்ன பண்ணும்? ஒண்ணு ரெண்டு நாள்ல புது அளவுக்கு தன்னை மாத்திக்கும். ஏற்கனவே சொன்னேன்ல, அது மாற்றத்துக்குத்தான் உஷாரு. பிபி 160லயே நின்னுட்டா 160தான் நார்மல்னு எடுத்துக்கிட்டு பழைய அளவுலயே சிக்னல் அனுப்ப ஆரம்பிச்சுடும். ஹை பிபி இருக்கிற நாய்கள்ல இந்த நரம்பு புது அளவுக்கு மாறியிருக்குன்னு 1956லயே மெக்கப்பின், கிரீன், பேஜ் மூணு பேரும் காட்டிட்டாங்க.

இன்னும் ஒரு படி மேல போய் யோசிச்சா, ஹை பிபி இருக்கிறவருக்கு இந்த ரிஃப்ளெக்ஸ், அதாவது யோசிக்காம தானா நடக்கிற இந்த எதிர்வினை, அந்த உயர்ந்த பிபியைத்தான் காவல் காக்குது. டாக்டர் புதுசா மாத்திரை ஆரம்பிச்சு 160 வந்து 135க்கு இறங்குதுன்னு வைங்க, நம்பர் பாத்தா நல்லா இருக்கு, ஆனா ஆளு “தலை கிறுகிறுங்குது, படபடங்குது, மாத்திரை எனக்கு சேரல”ன்னு வருவார். கழுத்து நரம்பு 135ஐ இறக்கம்னு எடுத்துக்கிட்டு அதை திரும்ப மேல தள்ள பாக்குது, படபடப்பு அதோட ஒரு பகுதி. சில நாள்ல அது புது அளவுக்கு பழகிடும். இதை யாரும் எடுத்து சொல்லாததால நிறைய பேர் மூணாவது நாளே மாத்திரையை நிறுத்திடுறாங்க, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது. தலைசுத்தல் பலமா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லி டோஸை குறைச்சு மெதுவா ஏத்தலாம், தானா நிறுத்தக்கூடாது.

வயசானவங்களுக்கு வர்றேன். அறுபது, எழுபதை தாண்டும்போது ரத்தக்குழாய் சுவர் விறைச்சுப் போகும். விறைச்ச சுவர் இழுபடாது, இழுபடலன்னா பிபி மாறினது நரம்புக்கு சரியா தெரியாது. இதோட சுகர் இருந்தா தகவல் கொண்டு போற நரம்பும் சரி, உத்தரவை கொண்டு வர்ற நரம்பும் சரி பழுதாகியிருக்கும், பார்க்கின்சன் இருக்கிறவங்களுக்கும் இதே பிரச்சனை. இதுக்கும் மேல மாத்திரைகள் வேற: புரோஸ்டேட்டுக்கு கொடுக்கிற டாம்சுலோசின், பிபிக்கு கொடுக்கிற பிரசோசின் இதெல்லாம் குழாய் இறுகுறதையே தடுக்குது, நீர் போக கொடுக்கிற மாத்திரை மொத்த அளவையே குறைக்குது, பீட்டா பிளாக்கர் பல்ஸ் ஏறுறதை தடுக்குது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட் வெயின்களை விரிச்சு விடும், அதனாலதான் அதை உக்காந்துக்கிட்டு வைக்கணும், நின்னுக்கிட்டே வெச்சு விழுந்து தலையில அடிபட்டு வர்றவங்க உண்டு.

படுத்திருந்து எழுந்து மூணு நிமிஷத்துக்குள்ள மேல் பிபி 20 அல்லது கீழ் பிபி 10 இறங்கினா அது நோய் கணக்குல சேரும். இதை கண்டுபிடிக்க பெரிய மிஷினெல்லாம் வேணாம், சாதாரண பிபி கருவியிலயே படுக்க வெச்சு ஒரு வாட்டி, நிக்க வெச்சு ஒண்ணாவது நிமிஷமும் மூணாவது நிமிஷமும் ஒரு வாட்டி பாத்தா போதும். ஆனா ஓபியில கூட்டத்துல உக்கார வெச்சு ஒரே ஒரு ரீடிங்தான் எடுக்கிறாங்க. உங்க வீட்ல பெரியவங்க யாராவது எழும்போது தள்ளாடுறாங்கன்னா, அடுத்த தடவை போகும்போது “நிக்க வெச்சும் பாத்துடுங்க டாக்டர்”ன்னு நீங்களே கேளுங்க, தப்பே இல்ல. ராத்திரி ஒண்ணுக்கு போக எழும்போதுதான் நிறைய பேர் விழுறாங்க. படுக்கையிலயே காலை நாலு தடவை மடக்கி நீட்டிட்டு, கட்டில் ஓரத்துல காலை தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் உக்காந்துட்டு அப்புறம் எழணும், ஆம்பளைங்களும் உக்காந்தே போறது நல்லது. பெரிய சாப்பாடு முடிஞ்ச உடனேயும் ரத்தம் குடல் பக்கம் போறதால வயசானவங்களுக்கு பிபி இறங்கும், பந்தியில இருந்து எழும்போது கையை பிடிச்சு எழுப்பி விடுங்க.

இந்த ரிஃப்ளெக்ஸ் தேவைக்கு மேல வேலை செய்யுற ஆளுங்களும் இருக்காங்க. சில வயசானவங்களுக்கு டைட்டான காலர் பட்டன், ஷேவிங் பண்ணும்போது கழுத்துல அழுத்தம், தலையை சட்டுன்னு திருப்புறது, இதுக்கே கரோட்டிட் சைனஸ் பிபி எகிறிடுச்சுன்னு தப்பா நினைச்சு இதயத்தை மூணு செகண்டுக்கு மேல நிறுத்திடும், ஆளு கீழ விழுந்துடுவார். சில பேருக்கு பேஸ்மேக்கரே வைக்க வேண்டி வரும். இதே இடத்தை டாக்டருங்க சில வகை வேகத்துடிப்பை நிறுத்த தடவி விடுறதை பாத்துட்டு வீட்ல முயற்சி பண்ணவே பண்ணாதீங்க, அங்க கொழுப்பு படிஞ்சிருந்தா துண்டு பேந்து மூளைக்கு போய் பக்கவாதம் வந்துடும்.

ஸ்கூல் பிரேயர்ல வெயில்ல நிக்கிற பிள்ளைங்க, கோயில் க்யூவுல மணிக்கணக்கா நிக்கிறவங்க, ரத்தத்தை பாத்ததும் விழுறவங்க, இவங்களுக்கு நடக்கிறது வேற கதை. இங்க ரிஃப்ளெக்ஸ் தோத்துப்போகல, அதுவரைக்கும் பிபியை தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தது திடீர்னு எதிர்ப்பக்கம் திரும்பிடுது, குழாய் எல்லாம் தளர்ந்துடும், வேகஸ் முழுசா மிதிக்கும், பல்ஸ் 40க்கு கூட இறங்கும். 1932ல தாமஸ் லூயிஸ் இதுக்கு வேசோவேகல்னு பேர் வெச்சார். விழுறதுக்கு முன்னாடி வேர்க்கும், கொட்டாவி வரும், முகம் வெளிறும், வயித்தை பெரட்டும். அந்த நேரத்துல உக்காந்துடணும், முடியலன்னா காலை பின்னி தொடையையும் பின்பக்கத்தையும் இறுக்கிப் பிடிக்கணும், கெண்டைக்கால் தசையும் தொடை தசையும் வெயினை பிழிஞ்சு ரத்தத்தை மேல தள்ளும், உடனே நாலஞ்சு பாயிண்ட் இல்ல, நல்லாவே பிபி ஏறும். விழுந்தவரை தயவுசெஞ்சு தூக்கி சேர்ல உக்கார வைக்காதீங்க. நம்ம ஊர்ல எல்லாரும் முதல்ல செய்யுறது அதுதான், நாலு பேர் அக்குள்ல கையை கொடுத்து நிமித்தி பிடிப்பாங்க. தரையில படுத்ததுதான் அவருக்கு வைத்தியம், அப்படியே படுக்க விட்டு காலை ஒரு அடி தூக்கிப் பிடிச்சா தேங்கின ரத்தம் நெஞ்சுக்கு வந்து ஒரு நிமிஷத்துல கண்ணை திறப்பார். ஆனா ஓடும்போதோ வேலை செய்யும்போதோ விழுந்தாலும், நெஞ்சு வலியோட விழுந்தாலும், படுத்திருக்கும்போதே மயங்கினாலும், வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தாலும் ஈசிஜி எடுக்காம விடக்கூடாது.

கடைசியா ஒண்ணு சொல்லாம முடிக்க முடியல, ஏன்னா இந்த ரிஃப்ளெக்ஸ் நல்லா வேலை செய்யுறதே ஆபத்தை மறைச்சு வைக்கிற சந்தர்ப்பம் இருக்கு. ரத்தம் போனாலும் சரி, டெங்குவுல ரத்தத்தோட நீர்ப்பகுதி குழாய்க்கு வெளிய கசிஞ்சாலும் சரி, கழுத்து நரம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான், உள்ள இருக்கிற அளவு குறையுது, சுவர் இழுபடல. உடனே பல்ஸை ஏத்தி, கை கால் குழாய்களை இறுக்கி பிபியை பிடிச்சு நிறுத்திடும். இள வயசு ஆளுக்கு மொத்த ரத்தத்துல கால் பங்கு போற வரைக்கும் கூட மேல் பிபி நார்மலா காட்டும். குழந்தைங்க இன்னும் கெட்டி, கடைசி வரைக்கும் பிடிச்சு வெச்சிருந்து அப்புறம் ஒரேயடியா விழுந்துடும். டெங்குவுல காய்ச்சல் இறங்குற அந்த ரெண்டு நாள்தான் கசிவு ஜாஸ்தியாகிற நேரம், வீட்ல “காய்ச்சல் விட்டுடுச்சு, பிபியும் 100 இருக்கு”ன்னு நிம்மதியாயிடுவாங்க. மேல் நம்பரை மட்டும் பாக்காதீங்க, கீழ் நம்பரையும் கேளுங்க. குழாய் இறுக இறுக கீழ் பிபி ஏறும், 100க்கு 80ன்னா ரெண்டுக்கும் நடுவுல 20தான் இருக்கு, அது நார்மல் இல்ல, ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாம போற நிலை, ஆரம்பிச்சாச்சு. மிஷின் இல்லன்னா குழந்தையோட உள்ளங்கையையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்க, உடம்பு சூடா இருந்து கை கால் மட்டும் சில்லுன்னு இருந்தா, பல்ஸ் வேகமா மெலிசா ஓடினா, ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு போகலன்னா, வாந்தியும் வயித்து வலியும் நிக்கலன்னா, விடியட்டும்னு காத்திருக்காம அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போயிடுங்க.